படகுக்குத் தோல் சட்டை தைத்தவன்

என் தம்பி நாகேந்திரன் ஜெயித்ததையெல்லாம் முதலில் எழுதிவிடுகிறேன். மற்றது பிறகு.

ஒன்பது வயதில் தோல் பதனிடும் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் விழுந்தான். இரண்டு கண்ணும் போய்விடும் என்றார்கள். போகவில்லை. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன், பன்னிரண்டாவது படித்த ரங்கம்மாளைப் பெண் கேட்டுப் போனான். அவள் அப்பா கதவைச் சாத்தினார். மறுபடியும் போனான், மறுபடியும் சாத்தினார். கடைசியில் ரங்கம்மாளே கதவைத் திறந்துகொண்டு வந்துவிட்டாள். முப்பத்தைந்து வயதுவரை கடலைப் பார்க்காதவன் பாய்ப்படகு ஓட்டக் கற்றான். முழுகிவிடும் என்று எல்லோரும் சொன்ன பழைய படகைப் புதுச்சேரியிலிருந்து நாகப்பட்டினம் வரை கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தான். ஒரு பந்தயத்தில் புதுப் படகுகளுக்கு நடுவே மூன்றாவதாக வந்தான். அந்தக் கோப்பை என் வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. கைப்பிடியின் உள்பக்கம்தான் சீக்கிரம் கறுக்கும், அதனால் அங்கே பழைய பல் பிரஷ் வைத்துத் தேய்க்கிறேன்.

அந்தப் படகில்தான் ரங்கம்மாள் இறந்தாள். அதற்குப் பிறகு அது புதுச்சேரியில் தேங்காய்த்திட்டுக் கரையில், மரக்கட்டைகள்மேல், பாய்மரம் இல்லாமல் ஒன்றரை வருடம் நின்றது. எடுத்துக்கொண்டு போங்கள், இல்லையென்றால் உடைக்கச் சம்மதம் கொடுங்கள் என்று துறைமுகத்தில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் வைத்துக்கொள் என்றேன். அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அந்தப் படகை அவன் என்ன செய்யப்போகிறான் என்பதுதான் அந்த ஒன்றரை வருடமும் எங்கள் வீட்டில் எல்லோர் மனத்திலும் இருந்தது.

கடலே இல்லாத மாதனூர் பக்கத்து ஊர்க்காரனுக்குப் படகு எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். ஆம்பூரில் அவன் வேலை பார்த்த ஷூ கம்பெனியின் சின்ன முதலாளி பெயர் ஜியாவுல்லா. என் தம்பியைவிட வயதில் இளையவர். வெளிநாட்டுக்காரர் ஒருவர் புதுச்சேரியில் விட்டுவிட்டுப் போன பாய்ப்படகை ஆசைப்பட்டு வாங்கினார். முப்பதடி நீளம், ஃபைபர் உடம்பு, உள்ளே இரண்டு பேர் படுக்கிற சின்ன அறை, ஒரு ஸ்டவ், பழைய டீசல் இன்ஜின். என் தம்பி அவருக்கு டிரைவர். சனிக்கிழமை காரில் கூட்டிக்கொண்டு போவான். ஒற்றை ஆளாகப் பாயை இழுக்க முடியாமல் அவர் கூப்பிட, இவன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். இரண்டு பேரும் சேர்ந்தேதான் தப்புத் தப்பாகக் கற்றுக்கொண்டார்கள். மணல் திட்டில் ஏறி மாட்டிக்கொண்டு, மீன்பிடிப் படகுகளைக் கும்பிட்டு இழுத்துவரச் சொன்னது எத்தனையோ முறை.

ஜியாவுல்லா குடும்பத்தோடு கனடா போனபோது சாவியை இவன் கையில் வைத்து, “நீயே வச்சிக்கோ தோஸ்த். நான் வித்தா எவனாவது ஒடச்சிடுவான்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஊரில் ஒரு மாதத்துக்கு இதுதான் பேச்சு. டீக்கடையில் உட்கார்ந்தவர்கள் விடவில்லை.

“இன்னா நாகேந்திரா, கப்பல் வாங்கிட்டியாமே? பாலாத்துல உடப் போறியா?”

“பாலாத்துல தண்ணி வந்தா சொல்றேன் மாமா. உன்ன மொதல்ல ஏத்திக்கிறேன்.”

“அதுக்குள்ள நான் போய் சேந்துடுவேன்டா.”

“அதுக்குத்தான் சொன்னேன்.”

படகின் பின்பக்கத்தில் இருந்த வெளிநாட்டுப் பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு, எங்கள் அம்மா பெயரை எழுத வைத்தான். தாயாரம்மாள். அம்மா அதைப் பார்க்கவில்லை. அவள் சோளிங்கர் மலைக் கோயில் குளத்தைத் தாண்டி எந்தத் தண்ணீரையும் பார்த்தவள் இல்லை.

பழைய படகு வைத்திருப்பது என்றால் என்னவென்று நான் கண்ணால் பார்த்தேன். ரங்கம்மாளும் நான் வேலை செய்த கம்பெனியில்தான் இருந்தாள். அவள் ஷூவின் மேல்பாகம் தைப்பாள், நான் செக்கிங். சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் இறங்கி, அப்படியே வேலூர் பஸ் பிடித்து, திருவண்ணாமலை, விழுப்புரம் என்று மாறி மாறிப் புதுச்சேரி போவார்கள். சில வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள். போனவுடன் கடலுக்குப் போக முடியாது. அடியில் தேங்கிய தண்ணீரை இறைக்க வேண்டும். இன்ஜின் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை கரையேற்றி, அடிப்பக்கம் ஒட்டிய சிப்பியைச் சுரண்டி, சிப்பி பிடிக்காத பெயின்ட் அடிக்க வேண்டும். சுரண்டும்போது கை முழுக்கக் கீறல். திங்கட்கிழமை அந்தக் கையோடு ரங்கம்மாள் மெஷினில் உட்காருவாள்.

“உனுக்கு இது தேவையா ரங்கம்மா?” என்று ஒருமுறை கேட்டேன்.

“ஆறு நாளு கம்பெனில ஒரே செவுத்த பாத்துனு உக்காந்துகிறேன் அண்ணி. ஏழாவது நாளு செவுறே இல்ல,” என்றாள்.

கிழிந்த பாய்களைத் தைத்தது அவள்தான். ஷூவுக்குத் தைக்கிற அதே கெட்டி நூல். நான் ஒவ்வொரு தையலாகப் பார்த்திருக்கிறேன், பழக்கதோஷம். ஒரு தையல்கூடத் தவறியதில்லை. சுக்கான் பிடிப்பதிலும் அவளுக்குக் கை நன்றாக வந்தது. தம்பி முன்னால் போய்ப் பாயை ஏற்ற, அவள் பின்னால் உட்கார்ந்து காற்றுக்கு நேரே படகைப் பிடிப்பாள். இன்ஜினை நிறுத்தியதும் ஒரு சத்தம் வரும்: தண்ணீர் பக்கவாட்டில் உரசிக்கொண்டு போகிற சத்தம், அவ்வளவுதான். அப்போது இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். நான் நடுவில் இருப்பதை மறந்துவிடுவார்கள்.

இனி தோலைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பாய்மரம் தானாக நிற்பதில்லை. அதை இரண்டு பக்கமும் முன்னும் பின்னும் எஃகுக் கம்பிகள் இழுத்துப் பிடித்திருக்கின்றன. ஒவ்வொரு கம்பியின் கீழ்முனையிலும் இறுக்குவதற்கு ஒரு திருகு. அந்தத் திருகு கழலாமல் இருக்கச் சொருகிய சின்னச் சின்ன ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ரங்கம்மாளின் கணுக்கால் அதில் பட்டுக் கிழிந்தது. பாயும் இரண்டு முறை கிழிந்தது. என் தம்பி அளவெடுத்து, நல்ல மாட்டுத்தோலை வெட்டி, ஒவ்வொரு திருகுக்கும் ஓர் உறை தைத்தான். கையால் தைத்தது. விளிம்பை உள்ளே மடித்து, தண்ணீர் புகாதபடி இறுக்கி, மாதாமாதம் மீன் எண்ணெய் தடவுவான். “கப்பலுக்கு ஷூ போட்டுட்டேன் அக்கா,” என்று காட்டினான். நான் விரலால் தடவிப் பார்த்தேன். ஏற்றுமதிக்கு அனுப்பலாம், அப்படி இருந்தது. துறைமுகத்தில் மற்றப் படகுக்காரர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் தைத்துக் கொடுத்தான்.

கடல் தண்ணீர் தோலில் ஊறுமே என்று அவன் யோசிக்காமல் இல்லை. ஆனால் நாங்கள் தோல் ஊர்க்காரர்கள். பச்சைத் தோல் வந்து இறங்கினால் அதன்மேல் உப்பைக் கொட்டித்தான் அழுகாமல் காப்போம். உப்பு என்றால் காக்கிற பொருள். எங்களில் யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்போம். தோல் கெட்டுவிடுமோ என்றுதான் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். தோல் கெடவே இல்லை.

2023 ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. நான் அன்று போகவில்லை. தெற்கிலிருந்து நல்ல காற்று, ஆனால் பயப்படுகிற காற்று இல்லை என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். முகத்துவாரம் தாண்டிப் போய்ப் பாய் ஏற்றியிருந்தார்கள். அன்றைக்கு அவன் சுக்கானில். பாயின் கயிறு சிக்கிக்கொண்டது என்று அவள் படகு சாய்ந்த பக்கமாக முன்னால் போனாள். எதிர்ப்பக்கத்துக் கம்பி திருகோடு அறுந்தது. பாய்மரம் அவள்மேல் சரிந்தது. சின்னச் சத்தம்தான் கேட்டது, கரும்பை ஒடித்ததுபோல, என்று அவன் ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னான்.

பக்கத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த கன்னியப்பன்தான் ஓடிவந்து, அவளைத் தன் படகில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுவந்தார். கரை வரும்முன்பே போய்விட்டாள். என் தம்பி வழியெல்லாம் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “தோ வந்துட்டோம் ரங்கம்மா, தோ வந்துட்டோம்,” என்று சொல்லிக்கொண்டே வந்தானாம்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, படகைப் பார்க்க நானும் அவனோடு போனேன். கன்னியப்பன் அறுந்த திருகை எடுத்து வைத்திருந்தார். தோல் உறை அப்படியே அதன்மேல் இருந்தது. இவன் கேட்காமல் அவர் பேசவில்லை. இவன்தான் கத்தியை வாங்கித் தையலைப் பிரித்தான். உள்ளே எஃகு பழுப்பு நிறமாக, சொத்தைப் பல்போலக் குழிகுழியாக இருந்தது. மூடாமல் விட்ட மேல்பக்கத்துக் கம்பி புதிது மாதிரி மின்னியது.

“இது துருப் புடிக்காத கம்பிதானே?” என்றான்.

“காத்து பட்டா புடிக்காது நாகு,” என்றார் கன்னியப்பன். “உப்புத்தண்ணிய உள்ள வச்சு மூடிட்டா, மூச்சு முட்டி உள்ளுக்குள்ளயே துன்னுடும். வெளிய தெரியாது. எங்க போட்ல நாங்க எதையும் மூடி வைக்கறதில்ல. நீ அழகா பண்ணியிருந்த. நானும் அழகா இருக்குதுன்னுதான் பாத்தேன்.”

அவன் அந்தக் கத்தியோடு எழுந்து போனான். கரையோரம் கட்டியிருந்த ஒவ்வொரு பாய்ப்படகிலும் ஏறினான். தான் தைத்துக் கொடுத்த உறையையெல்லாம் அறுத்து எடுத்தான். ஒரு படகில் ஆள் இருந்தார். “என்னப்பா, கேக்காம ஏறுற?” என்று சத்தம் போட்டவர், அவன் முகத்தைப் பார்த்து ஒதுங்கிக்கொண்டார். எல்லாவற்றையும் ஒரு கோணிப்பையில் போட்டு ஊருக்கு எடுத்துவந்து, வீட்டுக்குப் பின்னால் எரித்தான். கெட்டுப்போகாத தோல் எரிகிற நாற்றம் தெரு முழுக்க அடித்தது. எங்கள் தெருவில் அதற்கு யாரும் மூக்கைப் பொத்தவில்லை.

ரங்கம்மாளின் அப்பா அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அப்புறம் ஒன்றரை வருடம். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது, பாய்மரமும் கம்பியும் புதிதாகப் போட்டால் இன்னும் இருபது வருடம் ஓடும் என்று கன்னியப்பன் சொல்லி அனுப்பினார். சென்னையிலிருந்து ஒருவர் விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பினார். நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவன் ஜெயித்ததெல்லாம் அந்தப் படகில்தான் இருக்கிறது என்று எனக்கு. அம்மா பெயர் அதில். ரங்கம்மாள் தைத்த பாய் அதற்குள் மடித்து வைத்திருக்கிறது.

கடைசியாகத் தை மாதம் ஒரு நாள், அவன் சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேவிட்டேன்.

“ஒடைக்காதடா. நீ ஓட்ட வேணாம். சும்மா நிக்கட்டும். இல்லன்னா அந்த மெட்ராஸ்காரருக்குக் குடு. யாராவது ஓட்டட்டும்.”

சோற்றைப் பிசைந்தவன் கையை நிறுத்தினான்.

“அதுல இன்னும் எதெத மூடி வச்சிருக்கேன்னு எனக்கே தெரில அக்கா. பன்னண்டு வருசம் ஒவ்வொரு எடமா பாத்துப் பாத்து மூடியிருக்கேன். எவனோ ஒருத்தன் பொண்டாட்டிய ஏத்தினு போவான். நான் இங்க உக்காந்து காத்தடிக்கும்போதெல்லாம் இன்னா பண்ணுவேன்?”

இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

மறு வாரம் புதுச்சேரி போனோம். அவன் படகுக்குள் ஏறி அந்தச் சின்ன அறையில் கொஞ்ச நேரம் இருந்தான். நான் கீழேயே நின்றேன். இறங்கிவரும்போது கையில் ஒன்றும் எடுத்துவரவில்லை. பாயை என்ன செய்ய என்று கன்னியப்பன் கேட்டார். வலைமேல் போர்த்திக்கொள்ளுங்கள் என்றான்.

துறைமுக அலுவலகத்தில் படகு, கையெழுத்துப் போடத் தெரிந்தவள் என்று, ரங்கம்மாள் பெயரில் இருந்தது. உடைப்பதற்கு, வாரிசு என்று இவன்தான் சம்மதம் கொடுக்க வேண்டும். அங்கிருந்த பெண் இவனைப் பார்த்துவிட்டு, மை டப்பாவைத் திறந்து நகர்த்தினாள்.

“கட்ட விரல் வைங்க ஐயா.”

“பேனா குடும்மா,” என்றான்.

நான் திரும்பிப் பார்த்தேன். மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாத ஞாயிற்றுக்கிழமைகளில் ரங்கம்மாள் அவனுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அது தெரியாது. அன்றைக்குப் பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னான். “பேரு மட்டும் நல்லா வந்துச்சு அக்கா. எதுனா நல்ல காரியத்துக்கு மொத தடவ போடலாம்னு வச்சினு இருந்தோம்.”

குனிந்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, மெதுவாக எழுதினான். நாகேந்திரன். ஓர் எழுத்தும் கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. பக்கத்தில் தேதி போடுங்கள் என்றாள் அந்தப் பெண். அதையும் அவனே எழுதினான்: 10.2.2025.