ஸ்டெப்னி இல்லாத வண்டி

புதுக் காரின் டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஸ்டெப்னி எங்கே?" என்று கேட்டேன். விற்பனையாளர் சிரித்தார். "இது ரன்ஃப்ளாட் டயர் மேடம். பஞ்சர் ஆனாலும் எண்பது கிலோமீட்டர் ஓடும். ஸ்டெப்னிய எடுத்ததுல வெயிட்டும் கொறஞ்சிருச்சு." என் கணவர் என்னை ஒன்றும் தெரியாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன். அதற்காக இன்றும் எனக்கு என் மேலேயே கோபம்.

முதல் மாதத்திலேயே முதுகு வலிக்கத் தொடங்கியது. அந்த டயரின் பக்கங்கள் கட்டை மாதிரி. சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் இடுப்பில் அடி விழும். சொன்னால், "கனமான வண்டி அப்படித்தான் இருக்கும்" என்பார் கணவர்.

போன வருடம் என் தங்கைக்கு அரசு வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு வந்தது. குழந்தையை வளர்த்துக்கொண்டே ஆறு வருடம் படித்தவள். காலை பத்து மணிக்குள் ஆட்சியர் அலுவலகத்தில் இருக்க வேண்டும். கீழக்குயில்குடியிலிருந்து பஸ்ஸில் போய்க்கொள்கிறேன் என்றாள். "கார் இருக்கையில எதுக்குடி பஸ்ஸு?" என்று நான்தான் தடுத்தேன்.

ஊரைத் தாண்டியதும் குழாய் பதிக்கத் தோண்டிய சாலை. ஒரு கருங்கல்லில் டயர் ஏறி இறங்கியது. எச்சரிக்கை விளக்கு எரிந்தது. எண்பது கிலோமீட்டரை நம்பி மெதுவாக ஓட்டினேன். இரண்டு கிலோமீட்டர்கூடப் போகவில்லை. வண்டி தடதடவென்று இழுத்தது. இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் விரல் நுழையும் அளவு கிழிசல்.

நல்லவேளை, எதிரிலேயே ஒரு பஞ்சர் கடை. கடைக்காரர் ஜாக்கியை வைத்து ஏற்றினார். வண்டி எழும்பவில்லை, ஜாக்கிதான் மண்ணில் புதைந்தது. பலகை போட்டுத் தூக்கிப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"பக்கவாட்டுல கிழிஞ்சா ஒட்டுப் போட முடியாதுக்கா. இந்த டயரு என்கிட்ட இல்ல. ஸ்டெப்னிய எடுங்க, மாட்டி விட்டுர்றேன்."

"ஸ்டெப்னி இல்லண்ணே."

"இம்புட்டுப் பெரிய வண்டியில ஒரு ஸ்டெப்னி வைக்க எடமில்லையாக்கும்?"

மணி ஒன்பதேகால். கையைக் காட்டிய ஆட்டோக்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகளோடு நிற்காமல் போயின. தங்கை அழவில்லை, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அதைப் பார்க்கத்தான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்த கடைக்காரரின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு தன் பழைய மொபெட்டைக் கிளப்பினார்.

"ஏறு தாயி. நான் கொண்டுபோய் விட்டுட்டு வாரேன்."

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தங்கையிடமிருந்து போன். "அக்கா, உள்ள வந்துட்டேன். கோரிப்பாளையத்துல அம்புட்டுக் கூட்டம். அந்த அக்கா எப்படித்தான் பூந்து வந்தாங்களோ!" நடுச்சாலையில் நின்று அழுதுவிட்டேன்.

சென்னையிலிருந்து டயர் வர நான்கு நாள் ஆனது. அதுவரை அந்தக் கனமான வண்டி அவர்கள் கடை வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. வண்டி வாங்கிய இடத்துக்குப் போய்க் கேட்டேன். "மோசமான ரோட்ல கவனமா ஓட்டணும்னு புக்லயே போட்டிருக்கு மேடம்" என்றார் அங்கிருந்த அதிகாரி.

"நாங்க ஓட்டுற ரோடு எதுன்னு தெரிஞ்சுதானே இங்க கடை போட்டிருக்கீங்க? வெயிட்டக் குறைச்சோம்னு சொன்னீங்க. இந்த டயர் ஒவ்வொண்ணும் சாதா டயரவிடக் கனம். அப்ப எதைக் குறைச்சீங்க?"

அவர் கணினித் திரையைப் பார்த்தபடியே அடுத்த சர்வீஸ் தேதியைச் சொன்னார்.

நான்கையும் கழற்றிவிட்டுச் சாதா டயர் போட்டேன். ஸ்டெப்னிக்குப் பள்ளமே வைக்காத டிக்கியில் ஐந்தாவது டயரைக் கயிற்றால் கட்டி வைத்தேன். பெட்டி வைக்க இடமில்லை என்று கணவர் இரண்டு நாள் பேசவில்லை. பேசாமல் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

தங்கைக்கு வேலை கிடைத்துவிட்டது. உத்தரவு வந்த அன்று இனிப்போடு அந்த மொபெட்டுக்கார அக்கா வீட்டுக்குப் போனோம். அவர் தங்கையின் கன்னத்தைத் தொட்டு, "எந்த ஆபீஸ்ல தாயி?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அவருடைய வீட்டுக்காரரான பஞ்சர் கடைக்காரர் எங்கள் வண்டியின் டிக்கியைத் திறந்து, நான் கட்டிய முடிச்சு சரியில்லை என்று அவிழ்த்து இறுக்கிக் கட்டினார்.