ஒழுங்கையைத் திறந்து தந்தவர்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரித் தொடக்கம். இத்தாலியின் பலெர்மோ நகரில், வயதான ஒரு அம்மாவை வீட்டோடு இருந்து பராமரிக்கும் வேலை எனக்கு. வீட்டுக்கார அம்மாவை இங்கே சிஞ்ஞோரா என்று சொல்வோம். என் சிஞ்ஞோராவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. ஒன்றுவிட்ட ஒருநாள் டயாலிசிஸ் செய்யாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

அந்த முறை புதுவருடத்தைத் தான் பிறந்த மலைக்கிராமத்தில்தான் கழிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருடைய மகன் எங்களைக் காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு பலெர்மோவுக்குத் திரும்பினார். மலையடிவார ஆஸ்பத்திரியில் டயாலிசிஸுக்கு ஏற்பாடாகியிருந்தது. ஆஸ்பத்திரி வாகனமே வந்து ஏற்றிப் போகும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் சிஞ்ஞோரா எனக்குப் போட்ட முதல் உத்தரவு, "முன்வீட்டுக்காரியோடை கதைக்காதை" என்பது. இவர் வீட்டுக் கூரைப் பீலியின் தண்ணீர் அவர் வீட்டுச் சுவரில் விழுகிறதாம். அந்தச் சண்டையில் இருவரும் பல வருடங்களாக முகம் பார்ப்பதில்லையாம். எனக்கு ஏன் வம்பு என்று நானும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

பிறகு பனி கொட்டத் தொடங்கியது. யாழ்ப்பாணத்தில் பிறந்து பலெர்மோ வெயிலில் வேலை செய்யும் எனக்கு அது அதிசயம். வீடியோ எடுத்து, பலெர்மோவின் ஒரேத்தோ பகுதியில் கணவரோடு இருக்கும் என் பிள்ளைகளுக்கு அனுப்பினேன். "அம்மா, கே பெல்லோ, என்ன வடிவு! எங்களுக்கும் கொண்டு வாங்கோ" என்று துள்ளினார்கள். அடுத்த நாள் பாதை மூடப்பட்டு டயாலிசிஸ் தவறியபோதுதான் என் சிரிப்பு நின்றது.

அதற்கும் மறுநாள் காலை சிஞ்ஞோராவின் கால்கள் வீங்கிக் கிடந்தன. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று கட்டிலில் நிமிர்ந்தே இருந்தார். தாகம், தாகம் என்றார். தண்ணீர் கொடுக்கக்கூடாது. பஞ்சை நனைத்து உதட்டில் மட்டும் வைத்தேன். போனில் டாக்டர், "இண்டைக்கு எப்படியாவது வந்தாக வேணும்" என்றார். அவசர சேவைக்கு எடுத்தேன். மேகமூட்டத்தில் ஹெலிகொப்டர் பறக்க முடியாது, அம்புலன்ஸ் ஊருக்குக் கீழே உள்ள வளைவு வரைதான் வரும், அதுவரை நோயாளியைக் கொண்டுவர முடியுமா என்று கேட்டார்கள்.

வாசல் கதவைத் தள்ளினேன். அசையவில்லை. பனி வெளியிலிருந்து அடைத்திருந்தது. மகனுக்கும் மலையேற வழியில்லை. கடைசியில் என் கணவருக்கு எடுத்து அழுதேன்.

"அழாதை. வெளியிலை ஆரையும் கூப்பிடு" என்றார்.

"ஆரைக் கூப்பிடுறது? இஞ்சை எனக்கு ஒருத்தரையும் தெரியாது."

"தெரியாட்டில் என்ன? சத்தம் போட்டுக் கூப்பிடு!"

மேல்மாடக் கதவைத் திறந்து, "அயூத்தோ! உதவி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். திறந்தது முன்வீட்டு ஜன்னல்தான். அந்த அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். "சிஞ்ஞோராவுக்கு மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகவேணும்" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் கொட்டித் தீர்த்தேன். ஜன்னல் படீரென்று மூடிக்கொண்டது. அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

சிஞ்ஞோராவுக்குக் கம்பளிக் காலுறை போட்டுக்கொண்டிருந்தபோது கீழே ஆட்களின் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால், எங்கள் வீட்டுக்கு ஏறிவரும் ஒடுங்கிய ஒழுங்கையின் அடியிலிருந்து ஆண்களும் பெண்களுமாகப் பனியை வெட்டிக்கொண்டு மேலே வருகிறார்கள். இறைச்சிக் கடைக்காரர் கடை ஏப்ரனோடேயே வந்திருந்தார். எல்லோருக்கும் முன்னால், இடுப்பில் சால்வையை இறுக்கிக் கட்டியபடி முன்வீட்டு அம்மா. ஜன்னலைச் சாத்திவிட்டு அவர் போனது ஊராருக்குப் போனடிக்கத்தான்.

எங்கள் கதவு திறந்ததும் நானும் ஒரு மண்வெட்டியை வாங்கிக்கொண்டு இறங்கினேன். முன்வீட்டு அம்மா என் கன்வஸ் சப்பாத்தைப் பார்த்தார். "பிள்ளை, இதோடையா இறங்கினனீ?" என்று அதட்டி, தன் வீட்டிலிருந்து றப்பர் சப்பாத்துக் கொண்டுவந்து தந்தார். வழுக்காமல் இருக்க, வெட்டித் துப்புரவாக்கிய படிகளில் யாரோ அடுப்புச் சாம்பலைத் தூவிக்கொண்டே போனார்கள்.

சிஞ்ஞோராவைக் கதிரையில் இருத்தி, கம்பளியால் சுற்றி, நான்கு பேர் தூக்கினார்கள். வாசலில் முன்வீட்டு அம்மா அவர்களை நிறுத்தினார். அவர் குனிந்து, கம்பளியைச் சிஞ்ஞோராவின் கழுத்து வரை இழுத்துச் செருகினார். "உன்ரை பீலித் தண்ணி இன்னும் என்ரை சுவரிலைதான் விழுது. திரும்பி வந்து அதைச் சரிப்பண்ணு" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்த சிஞ்ஞோரா சிரித்துவிட்டார். சிரிப்பு இருமலாகி, கண்ணீராகி, அவர் கை கம்பளிக்குள்ளிருந்து நீண்டு அந்த அம்மாவின் கையைப் பிடித்தது.

கீழே ஊர்ச் சதுக்கத்தில் ஒரு விவசாயி உழவு இயந்திரத்தோடு காத்திருந்தார். அதன் சிறிய அறைக்குள் சிஞ்ஞோராவை இருத்தினார்கள். நான் பின்னால் குந்திக்கொண்டு அவர் தோளைப் பிடித்திருந்தேன். பாதை எது, பள்ளம் எது என்று தெரியாத வெள்ளை. எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டேன். சிஞ்ஞோரா தன்னுடைய மாதாவைக் கூப்பிட்டார். விவசாயி நடந்து போகும் வேகத்தில் ஓட்டி, வளைவில் நின்ற அம்புலன்ஸுக்குப் பக்கத்தில் எங்களை இறக்கினார்.

ஆஸ்பத்திரியில் இயந்திரம் ஓடத் தொடங்கி, சிஞ்ஞோராவின் முகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் நான் பக்கத்துக் கதிரையில் அமர்ந்தேன். இன்னும் பிந்தியிருந்தால் தாங்கியிருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். பிற்பகலில் வந்து சேர்ந்த மகன், தாயைக் கட்டிப்பிடித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

பாதை திறந்ததும் சாமான்களை எடுக்க மறுபடி அந்த ஊருக்குப் போனோம். எங்கள் வாசல் வரை துப்புரவாக இருந்தது. முன்வீட்டு அம்மா சூப் கொண்டுவந்தார். சிஞ்ஞோரா அதில் உப்பு கூடிப்போனது என்று குறை சொல்ல, இருவரும் மறுபடி பிடித்துக்கொண்டார்கள். இந்த முறை ஒரே மேசையில், எதிரெதிரே இருந்து.

அன்று பனி வெட்டிய பலரை நான் பிறகு பார்க்கவே இல்லை. நான் எந்த நாடு, அங்கே என்ன செய்கிறேன் என்று அவர்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஊர் விட்டு ஊர் வந்த எங்களுக்கு, யாரையும் தெரியாது என்ற எண்ணமே வாயை அடைத்துவிடும். இப்போதும் அந்த எண்ணம் வரும்போதெல்லாம், கூப்பிட்டுப் பார்க்காமல் ஒருவரும் வரமாட்டார்கள் என்று எப்படி முடிவு செய்வது என்றுதான் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.