மூன்று வெற்று வரிகள்

முதலில் மின்விசிறியை நிறுத்துவார். பிறகு ஜன்னலைச் சாத்துவார். நெற்றியைச் சுற்றி ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, தூங்குகிற கைக்குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் பிறப்புப் பதிவு ஏட்டை எடுத்து மேஜையில் கிடத்துவார். எதிரே நிற்பவருக்கு வியர்த்து ஊற்றும். "கொஞ்சம் காத்து வரட்டுமே அக்கா" என்று வாயைத் திறந்தால் போச்சு. "காத்து வந்தா உங்க அப்பா பேரு பறந்துடும். பரவாயில்லையா?" என்பார்.

மிரட்டலுக்காகச் சொல்வதில்லை. எல்லாம் அறுபது, எழுபது வருடத்துத் தாள். ஓரத்தில் விரல் பட்டால் பொடியாக உதிரும். அதனால் பக்கம் புரட்ட அவர் விரலையே வைப்பதில்லை. ஒரு பழைய எக்ஸ்ரே படத்தை அடியில் நுழைத்து, தாளை அதன்மேல் படுக்கவைத்துத் திருப்புவார். அந்த எக்ஸ்ரே அவர் கணவருடைய முழங்கால். "அந்த மனுஷன் இந்த ஆபீசுக்குச் செஞ்ச ஒரே உபகாரம்" என்பார், சிரிக்காமல்.

நகராட்சி அலுவலகத்தில் பிறப்பு இறப்புப் பிரிவுக்குப் பின்னால் இருக்கிற பதிவறையில் அவருக்கு இது இருபத்தேழாவது வருடம். ரிக்கார்டு அக்கா என்றால்தான் ஊருக்குத் தெரியும். குள்ளம், தடித்த கண்ணாடி, எப்போதும் கொஞ்சம் சளி பிடித்த குரல். முன்பெல்லாம் நாளுக்கு நாலு பேர் வருவார்கள். பாஸ்போர்ட்டுக்கு, பாகப்பிரிவினைக்கு என்று வந்து, கிடைத்தால் ஒரு நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள்.

மூன்று மாதத்துக்கு முன் அந்த உத்தரவு வந்தது. அறுபதைத் தாண்டிய எல்லாரும் மூன்று மாதத்துக்குள் தங்கள் பிறப்புப் பதிவின் நகலைக் கொடுத்தாக வேண்டும். பதிவு இல்லை என்றால் நகராட்சியே "கிடைக்கவில்லை" என்று ஒரு சீட்டு கொடுக்கும். சீட்டு வாங்கியவருக்குப் பத்து நாளில் விசாரணைக் கடிதம் வரும். விசாரணைக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்து வாயே திறப்பதில்லை. சிலர் திரும்பவே இல்லை. எங்கே போனார்கள் என்று கேட்கிற துணிச்சலும் ஊரில் யாருக்கும் இல்லை. கேட்டால், முதலில் உன் அப்பனுடைய பதிவைக் கொண்டுவா என்றுவிட்டால்?

இப்போது காலை ஏழு மணிக்கே வாசலில் வரிசை நிற்கிறது. யாரும் சண்டை போடுவதில்லை, முந்துவதில்லை. அதுதான் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. "வரிசையில நின்னு சத்தம் போடாத ஜனத்தை நான் பார்த்ததே இல்லைங்க" என்று அவர் ஒரு நாள் பிரிவு அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி, "நாளைக்கு முப்பது பேர் முடிக்கணும்மா" என்று மட்டும் சொன்னார். அந்த அதிகாரியுடைய அப்பாவின் பதிவும் இன்னும் கிடைத்தபாடில்லை.

வருகிறவர்கள் எல்லாரும் செய்கிற தவறு ஒன்றுதான். பள்ளிக்கூடச் சான்றிதழில் இருக்கிற தேதியை எழுதிக்கொண்டு வருவார்கள். "இது வாத்தியார் போட்ட தேதி. உங்க அம்மா பெத்த தேதி எது?" என்று அக்கா அதைத் தள்ளிவைத்துவிடுவார். அதோடும் விடமாட்டார். யார் வந்து எழுதிவைத்தார்கள்? அப்பா உள்ளூரிலா இருந்தார்? நடக்கிற தூரமா, வண்டியா? அந்தச் சமயம் வீட்டில் யாருக்காவது காய்ச்சலா? வந்தவர் பாவம், பிறந்ததற்கே மன்னிப்புக் கேட்பதுபோல நிற்பார். விஷயம் இதுதான்: அந்தக் கால ஏடுகள் பிறந்த தேதி வரிசையில் இல்லை, வந்து சொன்ன தேதி வரிசையில் இருக்கின்றன. குழந்தை எப்போது பிறந்தது என்பதைவிட அப்பனுக்கு எப்போது ஒழிந்தது என்பதுதான் முக்கியம். பாதி வரிகளில் குழந்தையின் பெயரும் இருக்காது. 'ஆண்', 'பெண்', அவ்வளவுதான்.

இதைக் கரைத்துக் குடித்த அக்காவே ஒரு முறை சறுக்கினார். உத்தரவு வந்த முதல் வாரம். ஒரு சுமைதூக்கி வந்தார், டிசம்பர் கடைசியில் பிறந்தவர். அந்த வருட ஏட்டை அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இரண்டு முறை பார்த்தார். இல்லை. வெளியே கூட்டம், உள்ளே அதிகாரியின் அவசரம். சீட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். மூன்று வாரம் கழித்து, வேறு யாருக்கோ அடுத்த வருட ஏட்டைத் திறந்தால், ஜனவரி எட்டாம் தேதி, ஐந்தாவது வரியில், சுமைதூக்கியின் அப்பா கைரேகை வைத்திருக்கிறார். பிள்ளை பிறந்து பதினொரு நாள் கழித்து வந்திருக்கிறார், அதற்குள் வருடம் மாறிவிட்டது. அக்கா நகலை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கு ஓடினார். வீடு பூட்டிக் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் கதவை அரை அடி திறந்து, "தெரியாதுங்க" என்று சாத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து அவருக்கு 'கிடைக்கவில்லை' என்ற அந்த ஒரு வார்த்தையை எழுதக் கை வராது. பேனாவை வைத்துவிட்டு, "எதுக்கும் இன்னொரு தடவை பார்த்துடறேன்" என்று எழுந்துவிடுவார்.

போன வாரம் ஒரு கொத்தனாருடைய அம்மாவுக்கு மூன்று நாள் தேடினார். கடைசியில் கிடைத்தது. "கிட்ட வந்து பாருங்கம்மா" என்று கூப்பிட்டால், அந்த அம்மாள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தாள். தன் மூச்சுப் பட்டால் வரி அழிந்துவிடுமோ என்று அவளுக்குப் பயம். "இதுதான் நானா?" என்றாள். "நீங்களேதான். பொண்ணுன்னு போட்டிருக்கு, நிம்மதியா போங்க."

அதே ஏட்டில்தான் அக்கா தன் கணவரையும் தேடிக்கொண்டிருந்தார்.

கணவர் தையற்காரர். இந்த ஊரிலேயே, மில் சந்தில் பிறந்தவர். அப்பா வெளியூர் வேலை. அம்மா போய்ச் சேர்ந்து பதினாறு வருடம். யார் வந்து எழுதிவைத்தார்கள், எழுதிவைத்தார்களா, சொல்ல ஆள் இல்லை. பிறந்த வருடம், அடுத்த வருடம், அதற்கடுத்த வருடம். ஆண் வரிகள், எதற்கும் இருக்கட்டும் என்று பெண் வரிகள். மொத்தம் பதினொரு முறை. ஊரில் யார் யாரையோ கண்டுபிடித்தவருக்குச் சொந்த வீட்டுக்காரர் அகப்படவில்லை. மனுஷன் இதையும் கேலிதான் செய்தார். "நான் பொறக்கவே இல்லைன்னு எழுதிக் குடுத்துடு. முப்பத்தி நாலு வருஷமா யாரோட குடும்பம் நடத்தினேன்னு உன்னைத்தான் விசாரிப்பாங்க. எனக்கென்ன!"

அந்தக் கேலி கெடுவின் கடைசி வாரத்தில் நின்றுவிட்டது. வியாழக்கிழமை காலை அக்கா பார்த்தார்: தையல் மிஷின்மேல் எப்போதும் கிடக்கிற பெரிய கத்திரிக்கோலைக் காணோம். கணவர் அதைத் துணியில் சுற்றி ஒரு பையில் வைத்திருந்தார். கூடவே இரண்டு சட்டை, மூட்டுவலி மாத்திரை. "என்னங்க இது?" என்றால், "சும்மாதான். எடுத்து வச்சேன்" என்கிறார், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

கணவர் பிறந்த வருட ஏட்டில் ஆகஸ்ட் மாதக் கடைசியில் மூன்று வரிகள் வெறுமனே கிடக்கின்றன. அந்தக் காலத்தில் மாதாமாதம் எண் ஒன்றிலிருந்து தொடங்குவார்கள், புதுப் பக்கத்தில். முந்தைய பக்கத்தில் மிஞ்சும் வரிகளை, பின்னால் யாரும் எதையும் நுழைக்காதபடி, சிவப்பு மையால் அடித்துவிட வேண்டும் என்பது விதி. ஆகஸ்டில், அந்த ஏட்டை எழுதிய குமாஸ்தா மறந்துவிட்டார். அந்த மூன்று வரிகள் அக்காவுக்கு ஐந்தாவது தேடலிலேயே கண்ணில் பட்டன. ஆறாவது தேடலிலிருந்து அவர் அந்தப் பக்கத்தை வேகமாகத் திருப்பினார்.

அலமாரி மூலையில் பழைய நீலக் கறுப்பு மைக்கட்டி இருக்கிறது. இரண்டு சொட்டுத் தண்ணீர் போதும். அந்தக் குமாஸ்தாவின் சாய்வெழுத்து அக்காவுக்குத் தன் எழுத்தைவிடப் பழக்கம். வியாழன் மத்தியானம் ஒரு பாழ் விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தார். நான்காவது முறை எழுதியதைப் பார்த்தபோது அவருக்கே பயம் வந்துவிட்டது. அவ்வளவு அச்சு. தாளைச் சுக்குநூறாகக் கிழித்தார். துண்டுகளைக் குப்பைத்தொட்டியில் போடத் தைரியம் வராமல் கைப்பையில் அள்ளிக்கொண்டார்.

ஆனால் பக்கத்து ஊர் அலுவலகத்தில் நடந்ததும் அவருக்குத் தெரியும். யாரோ ஒரே ஒரு வரி நுழைத்திருக்கிறார்கள். தணிக்கைக்கு வந்தவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏட்டுக்கே முத்திரை வைத்துவிட்டார்கள். அதிலிருந்து கொடுத்த நகல் அத்தனையும் செல்லாது என்றார்கள். இந்த ஏட்டில் ஆயிரத்து இருநூறு பேர் இருக்கிறார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்த அந்த அம்மாளும் இருக்கிறாள்.

வெள்ளிக்கிழமை, கெடுவின் கடைசி நாள். வெளியே பெஞ்சில் ஐம்பது பேருக்கு நடுவே கணவர் உட்கார்ந்திருந்தார், தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையில். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா பதிவறைக் கதவைத் தாழிட்டார். பன்னிரண்டாவது முறையாகத் தேடினார். இல்லை. ஆகஸ்ட் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுதினால் மனுஷன் வீட்டில் இருப்பார். இதை எழுத உலகத்தில் தன்னைவிட்டால் ஆளில்லை, தடுக்கவும் தன்னைவிட்டால் ஆளில்லை என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. கண்ணீர் தாளில் விழுந்துவிடுமே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார்.

பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார். அடிக்கோலை வைத்து மூன்று வரிகளையும் குறுக்கே அடித்தார். ஓரத்தில் தேதி போட்டு, 'வெற்று வரிகள் மூன்று, ரத்து' என்று எழுதிக் கையெழுத்திட்டார். சீட்டுப் புத்தகத்தைத் திறந்தார். கணவர் பெயரை, மாமனார் பெயரை, மாமியார் பெயரை எழுதினார். அந்த வார்த்தையையும் எழுதினார்.

மூன்று மணிக்குக் கவுண்டரில் உட்கார்ந்து கூப்பிட்டார். "டோக்கன் நாற்பத்தேழு."

கணவர் எழுந்து வந்தார். அக்காவின் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டார் போலிருக்கிறது. பின்னால் நிற்பவர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காகவோ, அவருக்குத் தைரியம் சொல்வதற்காகவோ, "எங்க கையெழுத்து போடணும் மேடம்?" என்றார்.

"இங்க" என்றார் அக்கா.

கையெழுத்துப் போட்டார். அக்கா சீட்டைப் புத்தகத்திலிருந்து கிழித்துக் கம்பிக்கு அடியில் நீட்டினார். கணவர் அதன் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்தார். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார். "விடு" என்றார், அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பின்னால் நாற்பத்தெட்டாம் டோக்கன்காரர் ஓரடி முன்னால் வந்து நின்றார். கம்பிக்கு இந்தப் பக்கம் அக்காவின் விரல்கள் சீட்டைப் பிடித்தபடியே இருந்தன.