தாலி நேரத்தில் நின்ற டிஸ்க்

போன வாரம் வெதுருகுப்பம் பக்கம் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தேன். சாலையோரச் சோளக்கொல்லையில் பறவைகளை விரட்டக் கயிறு கட்டி, வரிசையாக டிவிடிக்களைத் தொங்கவிட்டிருந்தார்கள். வெயில் பட்டு ஒவ்வொன்றும் கண்ணைக் கூச வைத்தது. பறவைகள் பயந்தனவோ என்னவோ, நான் வண்டியை நிறுத்திவிட்டேன். ஒரு காலத்தில் அவற்றின்மேல் ஒரு விரல் ரேகை பதிந்தால்கூடத் துடித்துப்போவேன். எல்லாம் அக்கா கல்யாணத்தால் வந்தது.

அப்போது எனக்குத் திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் முதல் வேலை. சித்தூர் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன். திருச்சானூர் மண்டபத்தில் நடந்த கல்யாணத்தைச் சித்தப்பா மகன் கேமராவில் பிடித்தான். "எடிட்டிங்குக்கு எதுக்கு வெளிய குடுக்கணும், நான் இல்லியா?" என்று சொல்லிவிட்டேன். வாய்தான், வேறென்ன.

அந்தக் காலத்து எடிட்டிங்கை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு காட்சி இதய வடிவத்தில் சுருங்கி, அடுத்தது நட்சத்திரமாக விரியும். மேலே ரோஜா இதழ்கள் கொட்டும். அத்தனையையும் செய்தேன். கடைசியில் எல்லாவற்றையும் ஒரே படமாக்க எக்ஸ்போர்ட் கொடுத்தால் அந்த நீலப் பட்டை ஆமை வேகத்தில் நகரும். இடையில் யாராவது மிக்ஸி போட்டால் வோல்டேஜ் இறங்கி, கம்ப்யூட்டர் அணைந்து, எல்லாம் மறுபடி முதலிலிருந்து. அதனால் எங்கள் வீட்டில் மிக்ஸிக்குத் தடை. "கல்யாண வீடியோ வேணுமா, சட்னி வேணுமா, சொல்லுடா" என்று அம்மா கேட்டாள். எல்லோரும் மிளகாய்ப்பொடி தொட்டுக்கொண்டு இட்லி தின்றோம்.

அம்மா சட்னியை விட்டுக்கொடுத்ததற்குக் காரணம் இருந்தது. பெற்ற மகள் கழுத்தில் தாலி ஏறியதை அவள் பார்க்கவில்லை. ஸ்டோர் ரூம் சாவி அவள் இடுப்பில் இருந்தது. சரியாக அந்த நேரத்தில் சமையல்காரர் நெய் டின் கேட்க, அவள் உள்ளே ஓடினாள். கெட்டிமேளச் சத்தம் மட்டும் சமையற்கட்டுக்கு வந்து சேர்ந்தது. "கேமரா புடிச்சிக்கீதில்ல, பாத்துக்கலாம் வுடு" என்று எல்லோரும் சமாதானம் சொன்னார்கள். அன்றிலிருந்து அவளுக்கு அந்த டிஸ்க்தான் பாக்கி.

நாயுடுபேட்டையிலிருந்து அக்காவும் மாமாவும் விருந்துக்கு வந்திருந்தார்கள். மறுநாள் கிளம்ப வேண்டும். டிஸ்க் தயார். கம்ப்யூட்டரில் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன், பிரமாதமாக ஓடியது. அம்மா அதை வாங்கிப் பூஜை அறையில் வைத்துக் கும்பிட்டுவிட்டுத் தந்தாள். டிவிடி பிளேயரில் போட்டேன். மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றுதல், எல்லாம் வந்தன. மாமா தாலியைக் கையில் எடுத்தார். படம் நின்றது. கட்டம் கட்டமாக உடைந்து, மாமாவின் மூக்கு மட்டும் தனியாகத் தொங்கியது.

"தொடச்சிப் பாரேன்டா" என்றார் அப்பா. எங்களுக்கு அவர் நைனா.

"புது டிஸ்க்கு நைனா. இதுல தொடைக்க இன்னா கீது? ஸ்பீடு ஜாஸ்தி வெச்சி ரைட் பண்ணிட்டேன், அதான்."

வேகத்தைக் குறைத்து இன்னொன்று எழுதினேன். அதையும் அம்மா கும்பிட்டுத் தந்தாள். அதுவும் தாலியைக் கையில் எடுத்தவுடன் நின்றது. "நான் எப்பத்தான்டா கட்டறது?" என்றார் மாமா. அம்மா சிரிக்கவில்லை. அவள் முகம் வாடியது.

இனி குற்றவாளி பிளேயர்தான் என்று தீர்ப்பு எழுதினேன். எதிர்வீட்டு லலிதம்மாவிடம் ஒரு பிளேயர் இருந்தது. எந்தக் கீறல் விழுந்த டிஸ்க்கையும் ஓட்டிவிடும் என்று தெருவில் அதற்குப் பெயர். டிஸ்க்கை ஆரத்தித் தட்டு மாதிரி ஏந்திக்கொண்டு நான் முன்னால் போக, பின்னால் அம்மா, நைனா, அக்கா, மாமா. "பெள்ளி சினிமாவா! கல்யாணப் படமா!" என்று தெருவில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள்.

"ராண்டி, ராண்டி! புதுப் பொண்ணு மொத தடவ வருது!" லலிதம்மா தெலுங்கும் தமிழுமாக வரவேற்று, அக்காவுக்குப் பொட்டு வைத்தார். பிறகு, "கல்யாணமே எங்க ஊட்டுக்கு வந்துகினு கீதே, இதுக்கும் ஒண்ணு வெக்கலாம்" என்று என் கையிலிருந்த டிஸ்க்கை வாங்கித் திருப்பினார்.

"இதென்னாது, முன்னமே வெச்சிக்கீது!"

பளபளக்கிற பக்கத்தில், ஓரமாக, குழைத்த மஞ்சளும் அதன்மேல் குங்குமமும். அழகான, சின்னப் பொட்டு. பிளேயர் டிஸ்க்கை நடுவிலிருந்து ஓரத்துக்குப் படித்துக்கொண்டே வரும். தாலிக் காட்சி இருந்த இடத்தில்தான் பொட்டும்.

எல்லோரும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தோம்.

"நல்ல காரியம்னு வெச்சேன்" என்றாள். "அந்தப் பக்கம் நீ மார்க்கர்ல கிறுக்கி வெச்சிருந்தியேடா. மினுக்குற பக்கந்தானே மூஞ்சி?"

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தொடைக்கச் சொன்னனே, கேட்டானா இவன்!" லலிதம்மாவுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. கம்ப்யூட்டர் சென்டர் மேதாவியான நான் ஈரத்துணி வாங்கித் துடைத்தேன்.

ஓடியது. மாமா தாலி கட்டினார். கூடத்திலிருந்த அத்தனை பேரும் கைதட்டினோம். அம்மா மட்டும் டிவிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தக் காட்சியில்தான் நான் இதழ்களை மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தேன். அக்கா கேமராவைப் பார்க்காமல் எங்கெங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள், அதை மறைக்கத்தான்.

"இன்னாடி சுமதி, தாலி கட்டற நேரத்துல எங்க பாக்குற?" என்றாள் அம்மா.

"உன்னத்தாம்மா தேடிக்கினு இருந்தேன்."

அம்மா திரைக்கு இன்னும் கிட்டே நகர்ந்தாள். பிறகு என்னிடம், "அந்தப் பூவயெல்லாம் எடுத்துட்றா" என்றாள். "அவ மூஞ்சி எனக்கு முழுசாத் தெரியணும்."

எடுத்தேன். மறுபடியும் ஒரு நாள் முழுக்க எக்ஸ்போர்ட். அக்காவின் பயணம் ஒரு நாள் தள்ளிப்போனது. அந்த டிஸ்க்கை அம்மா எத்தனை முறை போட்டிருப்பாள் என்று கணக்கில்லை. எனக்கு இன்றைக்கும் நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது.

இப்போதெல்லாம் கல்யாண வீடியோ லிங்காக வருகிறது. போன மாதம் உறவுக்காரப் பையன் கல்யாணம், வாட்ஸ்அப்பில் வந்தது. அம்மா எங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்தபடி பார்த்தாள். எதிர்வீட்டில் லலிதம்மா அவர் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார். படம் எங்கேயும் நிற்கவில்லை. முடிந்ததும் அம்மா வாசலுக்கு வந்து குரல் கொடுத்தாள்.

"பாத்துட்டியா லலிதா?"

"பாத்தேன்க்கா, பாகுந்தி, நல்லா கீது!"

அவ்வளவுதான். அம்மா உள்ளே வந்துவிட்டாள். படம்தான் நிற்கவில்லையே, தெருவைத் தாண்டிப் போக இருவருக்கும் ஒரு காரணமும் இருக்கவில்லை.