நாற்காலிகள் இருந்த பக்கம்

என் கணவர் மைதானத்தில் ஆடும் இடத்தை மாற்றிவிட்டார்கள் என்பதை அவர் என்னிடம் சொல்லவில்லை. மில் வாசலில் இருந்த கரும்பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் பின்பாதி அது. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் அவர் பதிலித் தொழிலாளி. நிரந்தரத் தொழிலாளி யாராவது லீவு போட்டால்தான் பதிலிக்கு வேலை. காலையில் சாப்பாட்டுத் தூக்குடன் போவார். ஆள் தேவையில்லை என்றால் அதே தூக்குடன் திரும்பி வருவார். அப்படித் திரும்பி வந்த சோற்றை மதியம் நாங்கள் இருவரும் பகிர்ந்து சாப்பிடுவோம்.

மில்லுக்கு ஒரு கால்பந்து அணி இருந்தது. ஆண்டுதோறும் ஆயுத பூஜையை ஒட்டி, அணியில் ஆடும் பதிலிகளில் ஒருவரை நிரந்தரமாக்குவது வழக்கம். எங்கும் எழுதிவைத்த விதி இல்லை, ஆனால் தவறியதும் இல்லை. யாரை எடுப்பது என்று வெல்ஃபேர் ஆபீசர் சொல்லுவார். அவர் யாரைச் சொல்லுவார் என்பதை மற்றவர்கள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். ஆட்டம் நடந்த மறுநாள் காலை, வாசல் பலகையில் ஆட்டத்தின் முடிவையும் கோல் போட்டவர் பெயரையும் சாக்பீஸால் எழுதிப் போடுவார்கள். எந்தப் பெயர் அதிகம் வருகிறதோ அந்த ஆளுக்கு வேலை.

என் கணவர் சென்டர் பார்வர்டு. கோல் போடுவதுதான் அவர் வேலை. அவர் பெயர் அந்தப் பலகையில் அடிக்கடி வரும். இந்த ஆண்டு அவர்தான் என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படியே நினைத்திருந்தேன். பிறகு ஒருநாள் அந்த வழியாகப் போனபோது, அணி ஜெயித்திருந்தது, பெயர் மட்டும் வேறு. முன்வரிசையில் இடது ஓரம், லெஃப்ட் அவுட் ஆடும் சோழபுரத்துப் பையனின் பெயர். அடுத்த ஆட்டத்துக்கும் அதே பெயர். அன்று இரவுச் சாப்பாட்டின்போது கேட்டேன்.

செட்டியார்பட்டி ரோட்டில் சைக்கிளிலிருந்து விழுந்து, ஸ்டாப்பர் ஆடுகிறவருக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டதாம். ஸ்டாப்பர் என்றால் கோல் காக்கிற கோலிக்கு முன்னால் நின்று எதிராளியை மறிக்கிறவர். உயரமான ஆள் வேண்டும் என்று கேப்டன் இவரைப் பின்னால் நிறுத்திவிட்டாராம். கேப்டன் ஸ்பின்னிங்கில் மேஸ்திரி, எல்லாருக்கும் அண்ணாச்சி. அவர் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

"அங்க நின்னா கோல் போட முடியுமா?" என்றேன்.

"அங்க நிக்கவன் வேலை, கோல் விழாமப் பாத்துக்கிடுறது."

"அதப் பலகையில எழுதுவாவளா?"

அவர் கை கழுவ எழுந்துவிட்டார்.

ஆனால் வேண்டாவெறுப்பாக அவர் அந்த இடத்தில் நிற்கவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். காலை ஷிப்டுக்கு முன்னால், வேப்பமரக் கிளையில் ஒரு பழைய பந்தை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டு, எம்பி எம்பித் தலையால் முட்டிப் பழகினார். சாப்பிட உட்கார்ந்தால் டம்ளரையும் உப்புக் கிண்ணத்தையும் நகர்த்தி நகர்த்தி வைத்து யோசிப்பார். ரசத்துக்கு டம்ளரைத் தேடினால் அது எதிரணியின் ஆளாக இருக்கும். மில்லில் கேலி பேசினார்கள். கால் துருப்பிடித்துவிட்டதா, எண்ணெய் வாங்கி வரட்டுமா என்று கேட்டார்களாம். அதை அவரே என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் பின்னால் போன பிறகு அணி தோற்கவே இல்லை. ஆனால் அந்த வெற்றிகளில் அவருடைய பங்கு என்ன என்று எனக்கு விளங்கவில்லை. தெரியாத ஒன்றைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே இருப்பது எனக்கு ஒத்துவராது. நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டுக்கொரு முறை ஒரு போட்டி நடக்கும். அதன் அரையிறுதிக்குப் பஸ் ஏறிப் போனேன். கோலியின் மனைவியும் உடன் வந்தார். நான் அவரை அக்கா என்பேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். வெளியில் எங்களைப் போலவே தமிழ் பேசுவார், தன் கணவரைத் திட்டுவதற்கு மட்டும் தெலுங்குக்குப் போய்விடுவார்.

அது ஒரு பள்ளிக்கூட மைதானம். மேற்குக் கோடியில் புளியமரங்கள். அந்த நிழலில் ஆபீசர்களுக்கு நாற்காலி போட்டிருப்பார்கள். கிழக்குக் கோடியில், கோல் கம்பத்துக்குப் பின்னால் இருக்கும் குட்டைச் சுவர்தான் பெண்கள் உட்காரும் இடம். ஆபீசர்கள் டீ குடித்துவிட்டு இரண்டாவது பாதிக்குத்தான் வருவார்கள். எங்கள் அணி அன்று இரண்டாவது பாதியில் மேற்கு நோக்கி ஆடியது. அதாவது, காக்க வேண்டிய எங்கள் கோல் நாங்கள் உட்கார்ந்திருந்த சுவருக்கு நேர் முன்னால் இருந்தது. அதனால் என் கணவர் செய்த ஒவ்வொன்றையும் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

அவர் அதிகம் ஓடவில்லை. முதலில் அதுதான் எனக்கு வருத்தமாக இருந்தது. பிறகு கவனித்தேன்: பந்து வந்து சேரும் இடத்தில் அவர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். எதிரணிப் பையன் வேகமாக வருவான். இவர் ஒரு எட்டு பக்கவாட்டில் நகர்ந்து நிற்பார். அவனுக்குப் போக வழி இருக்காது. பந்தை வாங்கி, நிமிர்ந்து பார்த்து, இடப்பக்கம் நீளமாக அடிப்பார். அன்று சோழபுரத்துப் பையன் போட்ட கோலும் அப்படி அடித்த பந்தில்தான் தொடங்கியது. நாற்காலிகளின் பக்கம் கைதட்டல் கேட்டது.

அக்கா மைதானத்தைப் பார்க்கவில்லை, தன் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாரு, கைய நெத்தியில வச்சிக்கிட்டு நிக்காரு. இந்தப் பாதியில எப்பவும் இப்பிடித்தான். போன வருசம் பைனல்ல பந்து வந்ததே கண்ணுக்குத் தெரியலன்னாரு."

மேற்கே மலைக்கு மேல் வெயில் சாய்ந்து, நேராக அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான் கேட்டேன்: "பொறவு எதுக்குக்கா இந்தப் பக்கம் நிக்காவ?"

"ஆபீசர் அந்தப் பக்கம்லா இருக்காரு. அவரு கண்ணு முன்னால கோல் போடணும்ல."

டாஸ் ஜெயித்தால் எங்கள் கேப்டன் எப்போதும் அப்படித்தான் பக்கத்தைத் தேர்ந்தெடுப்பார் என்று அக்கா சொன்னார். எத்தனை வருஷங்களாக என்று அவருக்கே தெரியவில்லை. திரும்பும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆபீசர் பார்க்க வேண்டும் என்பதற்காக வெயிலுக்கு முகம் கொடுத்து ஆடுகிறார்கள். அந்த ஆபீசர் கண்ணிலோ என் கணவர் ஆடும் இடம் படுவதே இல்லை.

இறுதி ஆட்டத்துக்கு முன்பு பக்கத்தை மாற்றும்படி கேப்டனிடம் கேளுங்கள் என்று இவரிடம் சொன்னேன். கேட்க மாட்டேன் என்றுவிட்டார். எனக்காக அணியையே திருப்பி நிறுத்தச் சொல்லவா, நாலு பேர் சிரிப்பார்கள் என்றார். நீங்கள் கேட்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மறுநாள் அக்காவைக் கூட்டிக்கொண்டு நானே கேப்டன் வீட்டுக்குப் போனேன்.

அண்ணாச்சி தரையில் உட்கார்ந்து, பந்தின் பிளாடருக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், வீட்டில் ஏதோ சண்டை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, முகம் மாறியது. மறைத்துப் பேசக்கூடாது என்று வழியிலேயே தீர்மானித்திருந்தேன்.

"அண்ணாச்சி, ரெண்டு காரணம் இருக்கு. ஒண்ணு ஆட்டத்துக்கு, ஒண்ணு எனக்கு."

வெயிலைப் பற்றிச் சொன்னேன். இரண்டாவது பாதியில் மேற்குக் கோலை நாம் காத்தால் வெயில் எதிராளி கண்ணில் விழும் என்றேன். பிறகு, என் கணவர் வேலை பார்க்கிற இடத்தையும் ஆபீசர் ஒருநாளாவது பார்க்கட்டும், அதுதான் எனக்கு வேண்டியது என்றேன். அவர் ஒட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். பிறகு அக்காவிடம் திரும்பினார்.

"ஒன் வீட்டுக்காரன் கண்ணு கூசுதுன்னு எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்லையே."

"சொன்னா வேற கோலியப் போட்டுருவீயளோன்னு அவருக்குப் பயம், அண்ணாச்சி."

அண்ணாச்சி சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. டாஸ் என்ன நம் கையிலா இருக்கிறது, காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்றார்.

இறுதி ஆட்டத்தன்று டாஸ் எங்களுக்கே விழுந்தது. அண்ணாச்சி இடுப்பில் கை வைத்து மலையைப் பார்த்தார். பிறகு எங்கள் சுவர்ப் பக்கம் கையைக் காட்டினார். முதல் பாதியில் நாங்கள் காப்பது கிழக்குக் கோல். அப்படியானால் இரண்டாவது பாதியில் மேற்கு. எங்களை எதிர்த்து ஆடிய உள்ளூர் அணிக்காரர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவர்களுடைய பிரமுகர்களும் அதே புளியமரத்தடியில்தான் உட்காருவார்கள்; இரண்டாவது பாதியில் அவர்கள் கண் முன்னாலேயே கோல் போடலாம்.

முதல் பாதியில் சோழபுரத்துப் பையன் ஒரு கோல் போட்டான். கோல் போட்ட வேகத்தில் வழக்கம்போல நாற்காலிகளைப் பார்த்துக் கையைத் தூக்கினான். நாற்காலிகள் காலியாக இருந்தன. அவன் கையை இறக்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பி நடந்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இரண்டாவது பாதியில் ஆபீசர்கள் வந்து உட்கார்ந்தார்கள். ஒன்றை நான் யோசிக்காமல் விட்டுவிட்டேன். எங்கள் கோல் இப்போது மைதானத்தின் அந்தக் கோடியில். வெயில் எங்கள் முகத்தில். இத்தனை பாடுபட்டு ஆபீசர் முன்னால் கொண்டுபோய் நிறுத்திய என் கணவரின் ஆட்டத்தை என்னால் பார்க்க முடியவில்லை. நானும் அக்காவும் நெற்றியில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். புழுதியும் நிழல் உருவங்களும்தான் தெரிந்தன. பந்து அந்தப் புழுதிக்குள் போகும். கூச்சல் எழும். நான் சுவரை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். பிறகு பந்து புழுதியிலிருந்து வெளியே வரும். ஒவ்வொரு முறையும் வெளியே வந்தது. கடைசி விசில் வரை அப்படித்தான்.

கோப்பையுடன் வந்தபோது இவர் புருவத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. கம்பத்தில் இடித்துக்கொண்டேன் என்று மட்டும் சொன்னார். புளியமரத்தடியில் நடந்ததை அண்ணாச்சிதான் பிறகு எங்களிடம் சொன்னார். வெல்ஃபேர் ஆபீசர் அவரைக் கூப்பிட்டு, பின்னால் நின்று மறிக்கிற அந்த உயரமான ஆள், முன்பு கோல் போட்டுக்கொண்டிருந்தவன்தானே என்று கேட்டாராம்.

"அவனேதான் சார். நாலு வருசமா நம்ம கிட்டதான் ஆடுறான்."

"இம்புட்டு நாள் எங்க இருந்தான்?"

"மைதானத்துக்கு அந்தப் பக்கம் சார்."

மறுநாள் பலகையில் பையன் பெயர் மட்டுமே இருந்தது. ஆனால் ஆயுத பூஜைக்கு நிரந்தரமானது என் கணவர். தூக்கு அதன் பிறகு காலியாகத்தான் வீடு திரும்பியது.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலையில் அந்தப் பையன் வீட்டுக்கு வந்தான். இவர் ஷிப்டில் இருந்தார். உள்ளே வரச் சொன்னேன், வாசலிலேயே நின்றான்.

"அண்ணனுக்குக் கெடச்சதுல எனக்குச் சந்தோசந்தான் மதினி. ஆனா பைனல்ல எங்கோல யாரு பாத்தா? நாற்காலியா பாத்துச்சி?"

அவனும் பதிலிதான்; சோழபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து, வேலை இல்லை என்றால் அத்தனை தூரமும் திரும்பிப் போகிறவன். அண்ணாச்சியிடம் சொல்லி அடுத்த வருஷம் பழையபடி மாற்றுங்கள் என்று கேட்டான். மாற்றினால் வெயில் மறுபடி கோலி கண்ணில், இவர் மறுபடி அந்தப் பக்கம். மாற்றாவிட்டால் இவனுக்கு வழி இல்லை. அன்று இரவு டம்ளர்களை நகர்த்திப் பார்த்தது நான். பக்கத்தை எப்படி மாற்றினாலும் ஒருவர் மறைந்துவிடுகிறார். மாற வேண்டியது ஆபீசர் வருகிற நேரம்.

அதைக் கேட்கவும் நானே போனேன், அவனையும் அழைத்துக்கொண்டு. ஆட்டம் தொடங்கும்போதே வந்துவிடுங்கள் சார், நாற்காலியை நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் போடச் சொல்லுங்கள் என்றேன். அங்கே நிழல் இல்லையே அம்மா என்றார் வெல்ஃபேர் ஆபீசர். ஆமாம் சார், இல்லை என்றேன். அவர் கையிலிருந்த பேப்பரைப் பார்க்க ஆரம்பித்தார். நான் நகரவில்லை. கடைசியில், பார்ப்போம் என்றார்.

என் கணவர் தொண்ணூறுகளின் தொடக்கம் வரை ஸ்டாப்பராகவே ஆடினார். அத்தனை ஆண்டுகளில் பலகையில் அவர் பெயர் ஒரே ஒருமுறைதான் வந்தது. பந்து அவர் தலையில் பட்டு எங்கள் கோலுக்குள்ளேயே போய்விட்ட அன்று. எழுதியவர் அதற்கும் சாக்பீஸ் எடுத்திருந்தார்.

ஆபீசரிடம் நான் போய்க் கேட்டதற்கு அடுத்த ஆண்டு, ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது புளியமரத்தடியில் நாற்காலிகள் இல்லை. நடுக்கோட்டுக்குப் பக்கத்தில், வெட்டவெளியில் கிடந்தன. முதல் விசிலுக்கு முன்பே வெல்ஃபேர் ஆபீசர் வந்து உட்கார்ந்திருந்தார். தலையில் ஒரு செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு, கழுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு ஆயுத பூஜைக்கு நிரந்தரமானவன் சோழபுரத்துப் பையன்.