பின்னால் எறிந்த உளுந்து

கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். 1911 மே மாதம், பாளையங்கோட்டையில், நேசையா வாத்தியார் வீட்டில் பட்டப்பகலில் நடந்தது இது.

நேசையா கல்லூரியில் ரோமாபுரிச் சரித்திரம் சொல்லிக்கொடுத்தார். வீட்டில் அதே ரோமாபுரியை வைத்து நாவல் எழுதினார். எதையும் தானே செய்து பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டார். அப்படி ஒரு பைத்தியம். மனைவி கெசியாவின் வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு ரோமானியப் பிரபு மாதிரி மொட்டைமாடியில் நடந்து, தெருவே சிரித்திருக்கிறது.

அந்த மாதம் எழுதிய அத்தியாயத்தில் ஒரு சடங்கு வந்தது. செத்தவர்கள் மே மாதத்தில் வீடு தேடி வருவார்களாம். வீட்டுத் தலைவன் வெறுங்காலோடு நடந்து, கறுப்பு அவரையைப் பின்பக்கம் எறிந்து, "இதை எடுத்துக்கொள். என்னையும் என் வீட்டாரையும் விட்டுவிடு" என்று ஒன்பது தரம் சொல்லவேண்டும். முடியும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் வந்தது போகாது.

நடுநிசியில் செய்ய அவருக்குத் தைரியமில்லை. பகல் பன்னிரண்டும் பன்னிரண்டுதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். உச்சிவேளைதான் அதுகளுக்கு உகந்த நேரம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். படித்த மனுஷனுக்குத் தோன்றவில்லை, பாவம். கெசியா மூன்று வயது பியூலாவோடு ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தாள். கதவைத் தாழிட்டார். அவரைக்குப் பதிலாக அடுக்களையிலிருந்து கறுப்பு உளுந்தை அள்ளிக்கொண்டார்.

முதல் பிடி. சடசடவென்று தரையில் சிதறியது. இரண்டாவதும் அப்படித்தான்.

மூன்றாவது பிடிக்குச் சத்தமே வரவில்லை...

யாரோ கையில் வாங்கிக்கொண்டது போல.

நேசையா திரும்பாமல் அடுத்த பிடியை எறிந்தார். நாலு. ஐந்து. ஒரு மணிகூடத் தரையில் விழவில்லை. பின்னால் சின்னக் கால்கள். டப்... டப்... ஈரக் கால்கள்.

எட்டாவது பிடி.

"அப்பா..."

கிருபைராஜின் குரல். நாலு வருஷத்துக்கு முன்னால் வாந்திபேதியில் போன மகன்.

இன்னும் ஒரே ஒரு பிடிதான்.

பெற்ற பிள்ளையை எப்படி விரட்டுவது?

திரும்பிவிட்டார்.

யாருமில்லை. முதலில் சிதறிய உளுந்துகூட இல்லை. தரை துடைத்தாற்போல் கிடந்தது. நாற்காலியில் விழுந்து வாய்விட்டு அழுதார்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்த் திறந்துவிட்டு, மறுபடி வந்து உட்கார்ந்தார். பியூலா வழக்கம்போல அவர் மடிக்கு ஓடிவந்தாள். பாதியில் நின்றுவிட்டாள்.

"ஏட்டி, ஏன் நிக்க?" என்றாள் கெசியா.

"அங்கன ஒரு பையன்லா இருக்கான்."

கிருபைராஜ் செத்த பிறகு பிறந்தவள் பியூலா. அவன் பெயரைக்கூட அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

கெசியா அலறவில்லை. பைய மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அழுவுதானாட்டி?"

"இல்லம்மா. ஒன்னய வா வான்னு கைய ஆட்டுதான்."

எட்டாம் நாள் கெசியா இறந்தாள். வாந்திபேதி என்றார் டாக்டர். அந்த மாதம் முழுக்க ஊரில் வேறு ஒருவருக்கும் அந்த நோய் வரவில்லை என்று சொன்னதும் அவர்தான்.