எருக்கஞ்செடி மூலை

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணல்மாணலாக வரும், நடுவில் மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலை ஏழு மணிக்கு ராஜபாளையத்தில் டவுன் பஸ் ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். பெண்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. என் தங்கச்சி இறந்தபோது நான் காலில் கட்டோடு கிடந்தேன். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. இப்போதுதான் துக்கம் கேட்கப் போகிறேன்.

தங்கச்சி வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர், பேச்சு குறைவு. துக்கத்துக்கு வருகிறவர்களை எங்கள் பக்கம் "வாங்க" என்று சொல்வதில்லை. அவரும் தலையை மட்டும் அசைத்தார். திரும்பும்போது நாமும் "வாரேன்" என்று சொல்லக்கூடாது. பேசாமல் எழுந்து வந்துவிட வேண்டும்.

அழுது ஓய்ந்த பின் அவர் கேட்டார்.

"மதினி, நீங்க வந்தா ரெண்டு பேரும் நடக்கப் போவீக. இந்தத் தெருவச் சுத்த ஒரு மணி நேரம். அம்புட்டு நேரம் என்னத்தப் பாப்பீக?"

"செத்த நடந்தா காட்டலாம்" என்றேன். பையையும் எடுத்துக்கொண்டேன்.

என் காலுக்காக மெதுவாக நடந்தார். சாக்கடை ஓரம் குப்பைமேனி. அடுத்துத் தும்பை, அதில் நகம் அளவுக்கு ஒரு நீலப் பட்டாம்பூச்சி. வேலியில் தவிட்டுக்குருவிகள் சத்தம் போட்டன.

"நம்ம சொந்தக்காரங்க பஞ்சாயத்துன்னு தங்கச்சி சிரிப்பா" என்றேன்.

"சரியாத்தான் சொல்லிருக்கா."

பஸ் நிற்கும் மூலையில், காலி மனையில் எருக்கஞ்செடி. இலையைத் திருப்பிக் காட்டினேன். கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டை போட்ட புழுக்கள். சொல்லலாமா என்று கூச்சமாக இருந்தது.

"இதுகள அவ ஹவில்தாருன்னுதான் கூப்பிடுவா. உங்க சட்டைக் கையில கெடந்த பட்டை மாதிரி இருக்காம்."

சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

இன்னொரு இலையடியில் பச்சைக் கூடு ஒன்று தொங்கியது.

"இது எப்பப் பிரியும்?"

"பத்து நாளாகும்போல."

அவர் குனிந்து கூட்டைப் பார்த்தார். "இனிமே யாரப் பாக்க இங்க வரப்போறீக, மதினி" என்றார்.

தங்கச்சி இல்லாத வீட்டுக்கு என்ன சொல்லிக்கொண்டு போவது? பஸ் வந்துவிட்டது. படியில் கால் வைத்ததும் பழக்கத்தில் "வாரேன்" என்று வாய் சொல்லிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவர் முகம் சுளிக்கவில்லை. "வாங்க" என்றார்.

ராஜபாளையம் வரை, சேலை ஓரத்தில் ஒட்டியிருந்த நாயுருவியை எடுக்காமலே உட்கார்ந்திருந்தேன். எங்கள் தெருவிலும் ஓர் எருக்கு நிற்கிறது. இலை இலையாகத் திருப்பிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை.

கூடு பிரியப் பத்து நாள் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். சரிதானா என்று தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். நான் பிந்திப் போய்விடக்கூடாது.